யாருக்கு அருகில்?



"திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் ஐயரைக் குருமனையில் பார்க்க முடிவதில்லையே, எங்கே போகிறார்?" என்று உங்களில் சிலர் என் மனைவியிடம் கேட்டிருக்கிறீர்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "ஒரு பழைய சபையாரை விசாரிக்கப் போயிருக்கிறார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்தச் சபையார் யார் என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் செல்லும் பேருந்தில் ஏறி, தருவையும் முன்னீர்பள்ளமும் பத்தமடையும் கடந்து, சேரன்மகாதேவியில் இறங்கி, ஆற்றங்கரையோரம் இன்னும் சிறிது தூரம் நடந்தால் ஒரு தென்னந்தோப்பு வரும். அங்கே எனக்கு ஒரு குதிரை இருக்கிறது. அதன் பெயர் மணி.

குருவானவருக்குக் குதிரை எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. நான் அந்தப் பக்கத்துச் சேகரத்தில் ஊழியம் செய்த நாட்களில், அங்கே ஒரு முதியவர் இருந்தார். வாலிப நாட்களில் திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையத்தின் வாசலில் ஜட்கா ஓட்டியவர். 1843ஆம் ஆண்டு சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு ஆற்றின் குறுக்கே கட்டிக்கொடுத்த பாலத்தின் மேல் எத்தனை ஆயிரம் முறை போய்வந்தேனோ என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். ஆட்டோக்கள் வந்தபின் பிழைப்புக் குன்றி, சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். ஆனாலும் குதிரை இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. கடைசியாக அவர் வைத்திருந்த குதிரைதான் மணி. கல்யாண ஊர்வலங்களுக்கும், சில நாட்களில் செங்கல் வண்டிக்கும் அதைக் கொண்டு போவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 2018ஆம் ஆண்டு, படுக்கையில் கிடந்த அவருக்கு நான் திருவிருந்து கொடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயரே, மணிய வித்துராதீங்க" என்றார். "சரி, அண்ணாச்சி" என்றேன். சாவின் விளிம்பில் இருக்கிறவர்களிடம் எங்களைப் போன்றவர்கள் யோசியாமல் சொல்லிவிடுகிற "சரி"தான் அது. மூன்றாம் நாள் அவரை அடக்கம் செய்தோம். நான்காம் நாள் காலையில் அந்தக் குதிரை என்னுடையது என்பது எனக்குப் புரிந்தது.

குருமனையில் இடமில்லை. வண்டிப் பந்தயங்களுக்குக் குதிரை பழக்கிய அனுபவமுள்ள ஒரு பெரியவர் தம் தோப்பில் அதை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவரிடம் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழட்டுப் பெண்குதிரையும் இருந்தது. மாதம் 3,500 ரூபாய் தருவது என்று பேசிக்கொண்டோம். அப்போது அந்தத் தோப்பு என் வீட்டிலிருந்து நடை தூரம். மாலை ஜெபத்துக்குப் போகும் வழியில் நின்று அதன் கழுத்தைத் தடவிவிட்டுப் போவேன். நான்கு ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. பின்பு எனக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தது. மணிக்கு மாற்றல் வரவில்லை. எங்களுக்கு இடையில் இருபது கிலோமீட்டருக்கும் மேல் தூரம் விழுந்தது.

தூரம் என்பது முதலில் பெரிதாகத் தெரிவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போனவன் வாரத்துக்கு ஒரு முறை போனேன். லெந்து நாட்களில் நாற்பது நாளும் போகவில்லை. பண்டிகைக் காலத்திலும் சபைத் தேர்தல் காலத்திலும் அப்படியே. பணத்தை மட்டும் தவறாமல் ஒன்றாந்தேதி அனுப்பிவிடுவேன். அனுப்பியதும் மனம் அமைதியடைந்துவிடும். அந்த அமைதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற மாசி மாதத்தில் ஓர் இரவு, பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மணிக்கு வயிற்றுவலி. குதிரை வளர்க்காதவர்களுக்கு இது சிறு காரியமாகத் தோன்றும். குதிரையின் உடலுக்கு இரைப்பை மிகச் சிறியது. ஏறக்குறைய 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஆகையால்தான் கர்த்தர் அதை ஒரே வேளையில் உண்டு படுக்கிற பிராணியாகப் படைக்கவில்லை. நாளில் பதினைந்து மணி நேரமாவது சிறுகச் சிறுக மேய்ந்துகொண்டே இருக்கும்படி படைத்திருக்கிறார். அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது வந்த வழியே திரும்பாது. குடல் அடைத்துக்கொண்டாலோ முறுக்கிக்கொண்டாலோ சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அந்த இரவில் பேருந்து இல்லை. நம் சபையார் ஒருவரை எழுப்பி, அவருடைய காரில் நான் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவர் வந்து ஊசி போட்டு, மூக்குவழியாகக் குழாய் செலுத்தி மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெரியவர் கயிற்றைப் பிடித்து மணியை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார். அது சாணமிட்டபோது, பிள்ளை பிறந்த வீட்டார்போல் எல்லாரும் ஆறுதலடைந்தார்கள். நான் கைகட்டி நின்றேன். என்னுடைய குதிரையின் உயிர் போகவிருந்த வேளையில் நான் ஒரு விருந்தாளியாக வந்து சேர்ந்தேன்.

"இனி இதை அருகில் கொண்டுவந்துவிட வேண்டும்" என்று திரும்பும் வழியில் தீர்மானித்தேன்.

தீர்மானித்த சில வாரங்களில் வழியும் திறந்தது. பாளையங்கோட்டையில் நமக்கு அறிமுகமான ஒரு சகோதரர் தம் பிள்ளைகளுக்காக இரண்டு இளம் குதிரைகள் வாங்கி, வீட்டின் பின்புறத்தில் புதிதாக ஒரு லாயம் கட்டியிருந்தார். மூன்றாவது தறி காலியாகத்தான் இருக்கிறது, காசு எதுவும் வேண்டாம், கொண்டு வாருங்கள் என்றார். குருமனையிலிருந்து பத்து நிமிட நடை. சிமெண்டுத் தரை, மின்விசிறி, கண்காணிப்புக் கேமரா, காலையும் மாலையும் வந்துபோகும் ஒரு வேலையாள் என எல்லாம் இருந்தன. கால்நடை மருத்துவரும் அருகிலேயே இருக்கிறார். 2012ஆம் ஆண்டு முதல் ராமையன்பட்டியில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் அங்கிருந்து தூரம் குறைவு. ஆற்று வெள்ளத்தின் பயமும் இல்லை. என் மனைவி, "இதற்கு மேல் கர்த்தர் எப்படி வழிகாட்டுவார்?" என்று கேட்டாள். என் முழங்கால் வலியும், பேருந்துப் பயணமும், மாதம் 3,500 ரூபாயும் அவளுக்குத் தெரியும். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

வெள்ளத்தைக் குறித்தும் நான் யோசிக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி இரு கரையும் புரண்டு, சாலைகள் அறுந்து, நம்மில் பலர் வீட்டு மாடியில் இரவைக் கழித்தோம். இரண்டு நாள் மணியைப் பற்றி எனக்கு ஒரு செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் பேச முடிந்தபோது, ஞாயிறு இருட்டும் வேளையிலேயே பெரியவர் இரண்டு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு ஊர்க் கோயிலின் மேட்டுக்கு ஏறிவிட்டதாகவும், விடிய விடிய அவற்றோடு நனைந்துகொண்டு நின்றதாகவும் அறிந்தேன். தோப்பில் இடுப்பளவு தண்ணீர். இந்த ஒரே சம்பவம் இரண்டு பக்கமும் பேசியது. அந்த இடம் ஆபத்தானது என்றும் சொன்னது, அந்த மனிதர் நம்பத்தக்கவர் என்றும் சொன்னது.

முடிவெடுக்கும் முன் புதிய லாயத்தை மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை காலையில். எல்லாம் கழுவித் துடைத்து அழகாக இருந்தது. இரண்டாம் முறை, சொல்லாமல், சித்திரை மாதத்து உச்சிவேளையில் போனேன். தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி வெந்த காற்றைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. குதிரை ஒன்று நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கோடையில் அதற்கும் மேல். வாளிகள் காய்ந்திருந்தன. ஒரு குதிரை நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. சுற்றித் திரியவும் மேயவும் இடமில்லாமல் அடைபட்ட குதிரைகள் இப்படி ஆட்டும் என்பதைப் பெரியவர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறை இரவு ஒன்பது மணிக்குப் போனேன். விளக்கு எரிந்தது. மனிதர் யாரும் இல்லை. "இரவில் இங்கே யார் படுப்பார்கள்?" என்று அந்தச் சகோதரரைக் கேட்டேன். "கேமரா இருக்கிறதே, ஐயரே, செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்றார். மாசி மாத இரவில் மணி முதன்முதலாகக் காலால் தரையைக் கீறி, திரும்பித் தன் வயிற்றைப் பார்த்த அந்த நிமிடத்தை நினைத்துக்கொண்டேன். கட்டிலை லாயத்தின் வாசலில் போட்டுப் படுத்திருந்த ஒரு முதியவர் அந்தச் சத்தத்துக்கு விழித்தார். குருமனையில் பத்து நிமிட தூரத்தில் தூங்கும் நான் விழித்திருப்பேனா?

இவ்வளவு பார்த்தபின்னும், உள்ளதைச் சொல்லுகிறேன், என் மனம் மாறவில்லை. தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்துகொள்ளலாம், வாளியை நானே நிரப்பலாம், தினமும் இரண்டு முறை போய்ப் பார்க்கலாம் என்று என் பக்கத்து நியாயங்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த விருந்தாளியின் வெட்கம் என்னைத் துரத்திக்கொண்டிருந்தது. மணி என் அருகில் இருக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் மணி அல்ல என்பதை அப்போது நான் அறியவில்லை.

அந்த நாட்களில் நம் ஆற்றின் முகத்துவாரத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் என்னும் துறைமுகம், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள பழையகாயலே என்று, இடையன்குடியில் ஊழியம் செய்த நம் பேராயர் கால்டுவெல், 1881ஆம் ஆண்டு வெளியான தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் எடுத்துக்காட்டினார். அந்தத் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. அரசன் ஒருவனே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்குவான் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாது என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவர்களும் நோய் பார்க்கத் தெரிந்தவர்களும் இந்நாட்டில் இல்லாததே அதற்குக் காரணம் என்கிறார். அவர் காலத்தையொட்டி வாழ்ந்த வசாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியரோ, இங்கே குதிரைகளுக்கு வறுத்த தானியமும் வெண்ணெயிட்ட உணவும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். அயல்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தப் பாலும் வெண்ணெயும் என்னை நிறுத்திவிட்டன. அந்த மக்கள் கொடியவர்கள் அல்லர். தங்களுக்கு எது சிறந்ததோ அதைக் குதிரைக்குக் கொடுத்தார்கள். குதிரைக்கு எது வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மின்விசிறியும் சிமெண்டுத் தரையும் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் உங்களுக்குத் தெரியும். நீதிமான் தன் மிருகத்தின் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறவன் என்பது அதன் கருத்து. எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது "அறிதல்" என்னும் பொருளுடைய வினை. தன் மிருகத்தின் ஆத்துமாவை அறிந்திருப்பவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அன்பு செலுத்துவது எளிது. அறிந்துகொள்ள நேரம் வேண்டும், பணிவும் வேண்டும்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மணியைக் கொண்டு போகப் போகிறேன் என்று சொல்வதற்காகத் தோப்புக்குப் போனேன். மணி காணத்தைத் தின்றுகொண்டிருந்தது. பெண்குதிரை அதன் முதுகின்மேல் முகவாயை வைத்தபடி நின்றது. பெரியவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "கொண்டு போறதா இருந்தா ஐப்பசி மழைக்கு முன்னால கொண்டு போயிருங்க, ஐயரே. தீனியை ஒரேடியா மாத்திராதீங்க. பத்து நாளைக்காவது இங்கத்த புல்லும் காணமும் கூடவே போகட்டும், நான் கட்டித் தாரேன். இவளையும் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போங்க, தனியா நின்னா ஏங்கிருவான்" என்றார். தம்முடைய மாதப் பணம் நிற்கப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தம் பெண்குதிரையையும் இரவல் தரத் தயாராக இருந்தார்.

அப்போது காப்பி கொண்டுவந்த ஆச்சி, "ஐயர் பக்கத்துல வச்சுக்கிட்டா நல்லதுதான். அன்னைக்கு ராத்திரி மருந்துக்கு ஆட்டுக்குட்டிய வித்தோம்லா, அந்த மாதிரி அவசரம் இனி வராது" என்றார். பெரியவர் சட்டென்று, "சும்மா இரு" என்றார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

கேட்டுக் கேட்டுத்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன். மாசி மாத இரவில் மருத்துவருக்கும் மருந்துக்கும் வண்டிக்கும் ஆன செலவை அவர்கள் என்னிடம் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. வைக்கோலின் விலையும் காணத்தின் விலையும் தவிட்டின் விலையும் 2018க்குப் பிறகு எவ்வளவு ஏறின என்பதை ஒவ்வொரு மாதமும் சந்தைக்குப் போகிற நீங்கள் அறிவீர்கள். நான் அனுப்பியதோ அதே 3,500 ரூபாய். ஆறு, ஏழு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவி லாடம் அடிக்க வருகிறவருக்கும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாந்தேதி பணம் அனுப்பியதும் என் மனத்தில் ஓர் அமைதி உண்டாயிற்று என்றேனே, அந்த அமைதிக்கான விலையை ஒரு ஏழைக் குடும்பம் கொடுத்துக்கொண்டிருந்தது.

நல்ல சமாரியனின் உவமையை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். காயப்பட்டவனைத் தன் சொந்த மிருகத்தின்மேல் ஏற்றியதையும், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததையும் விரிவாகப் பேசுவேன். அவன் அந்த மனிதனைத் தன் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை என்பதை நான் அதிகமாகச் சிந்தித்ததில்லை. வழியிலிருந்த சத்திரத்தில் இன்னொருவனுடைய பொறுப்பில் வைத்துவிட்டு, அவன் தன் வழியே போனான். ஆயினும் போகும்போது மூன்று காரியங்களைச் செய்தான். முன்பணம் கொடுத்தான். கூடுதலாகச் செலவானால் அதையும் தருவதாக வாக்குக் கொடுத்தான். திரும்பி வருவேன் என்றான். லூக்கா 10:35ஐ வாசித்துப் பாருங்கள். தூரத்தில் இருந்தும் ஒருவனால் அயலானாக இருக்க முடிகிறது. நான் முதலாவதை மட்டும் செய்தேன். இரண்டாவதைச் செய்யவே இல்லை. மூன்றாவதை இஷ்டப்பட்டபோது செய்தேன்.

என் சிக்கல் இருபது கிலோமீட்டர் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. மணியை என் வீட்டருகே கட்டிவைத்தால் என் குற்றவுணர்வு தீரும். ஆனால் மணிக்கு ஆறும் புல்லும் தோழியும் போகும், இரவில் விழிக்கிற காதும் போகும். அதுவும் எத்தனை நாளைக்கு? இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் எனக்கு மறுபடியும் மாற்றல் வரும். அப்போது, இருபத்தைந்து வயதைக் கடந்திருக்கும் ஒரு கிழக்குதிரையை வேறோர் ஊருக்கு இழுத்துக்கொண்டு அலைவேனா? அதன் வீடு நான் இருக்கும் இடமாக இருக்க முடியாது. என் ஊழியம் அப்படிப்பட்டது.

ஆகவே மணி தோப்பிலேயே இருக்கும் என்று முடிவு செய்தோம். ஆனால் முன்பு இருந்ததுபோல் அல்ல. மாதப் பணத்தைச் செலவுக்குத் தக்கபடி உயர்த்தி, ஆட்டுக்குட்டியின் விலையோடு பழைய பாக்கியையும் சிறுகச் சிறுகக் கொடுத்து வருகிறேன். மருத்துவச் செலவுக்கென்று ஒரு தொகையை ஆச்சியின் கையிலேயே கொடுத்து வைத்திருக்கிறேன். ஆபத்து வேளையில் என் தொலைபேசிக்காகக் காத்திராமல் மருத்துவரை அழைக்கவும், வேதனை தீராது என்று மருத்துவர் சொன்னால் அதற்குரியதைச் செய்யவும் பெரியவருக்கு முழு உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஐப்பசிக்கு முன்பாகக் கால்வாய்க் கரையோரமுள்ள மேட்டு நிலத்தில் ஒரு கூரைக் கொட்டகை போடுகிறோம். அணையில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்தால் இருட்டும்வரை காத்திராமல் இரு குதிரைகளையும் கோயில் வளாகத்தில் கட்டிக்கொள்ள, அங்குள்ள ஐயரும் கோயில்பிள்ளையும் அன்போடு இடம் கொடுத்திருக்கிறார்கள். பெரியவருக்கும் எழுபது கடந்துவிட்டது. அவருடைய பேரன் இப்போது குதிரையின் நாடி பார்க்கப் பழகுகிறான். அமைதியாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்துகிறான். பெரியவரால் இரவில் எழுந்துவர முடியாத நாள் ஒன்று வந்து, பேரனும் வெளியூர் போய்விட்டால், அன்றைக்கு மறுபடியும் யோசிப்போம். அப்போது மணியை இடம் மாற்றுவதே சரியாக இருக்கலாம்.

திங்கட்கிழமையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு நான் அகப்படுவதில்லை.

இந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. மணியின் கடைசி வேளையில் நான் அங்கே இல்லாமல் போகலாம். ஜட்கா ஓட்டிய அந்த முதியவரிடம் நான் சொன்ன "சரி"க்கு அது குறைவாகிவிடுமோ என்று இப்போதும் சில இரவுகளில் நினைக்கிறேன். ஆனால் நான் பார்க்க வேண்டும் என்பதற்காக அதைக் கொண்டுவருவதைவிட, அறிந்தவர்களின் கையில் அது இருப்பதே அவர் கேட்டதற்கு நெருக்கமானது என்று நம்புகிறேன்.

அன்பானவர்களே, நம்முடைய ஊர்களைப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும், பெற்றோர் பூட்டிய மாடி அறைகளுக்குக் கீழே தனியாகவும் வாழ்கிற வீடுகள் நம் சபையிலேயே எத்தனை! மிருகத்தையும் பெற்றோரையும் சமமாக்குகிறேன் என்று எண்ணாதிருங்கள். குதிரையிடம் நான் கேட்க முடியாது. உங்கள் தாயிடம் நீங்கள் கேட்கலாம். ஆகையால் உங்கள் பொறுப்பு என்னுடையதைவிடப் பெரியது.

"அம்மாவை இங்கே கொண்டுவந்துவிடுகிறோம், ஐயரே" என்று நீங்கள் சொல்லும்போது, அது பல வேளைகளில் சரியான முடிவாகவே இருக்கிறது. தனியாக விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு தாயாரை மகள் தன்னோடு கூட்டிப்போனதையும், அங்கே அவர் மலர்ந்திருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அருகாமை யாருக்காக? இரவில் அவர்கள் முனகினால் எழுந்துவருகிறவர் அங்கே யார்? இங்கே அவர்களுக்கு இருக்கிற திண்ணையும் கோயில் மணியும் பக்கத்து வீட்டுத் தோழியும் அங்கே உண்டா? நீங்கள் உச்சிவேளையில் சொல்லாமல் போய்ப் பார்த்தீர்களா? அப்படியே, "அவர்கள் ஊரிலேயே இருக்கட்டும், அதுதான் அவர்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லுகிறவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பெற்றோருக்குச் சோறு பொங்கிப் போடுகிற அந்த அத்தையின், அந்த வேலைக்காரப் பெண்ணின் கையிலிருந்து எவ்வளவு செலவாகிறது என்று கேட்டதுண்டா? எந்த ஆட்டுக்குட்டி விற்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா?

யாக்கோபு தன் சகோதரனைச் சந்தித்தபோது, இருவரும் சேர்ந்து விரைந்து போவோம் என்று ஏசா அன்போடுதான் அழைத்தான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், மந்தை கறவையானது, ஒரே நாள் விரட்டினாலும் மாண்டுபோகும், ஆகவே அவைகளின் நடைக்குத் தக்கபடி மெதுவாக வருகிறேன் என்று சொல்லிப் பின்தங்கினான். ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கலாம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் நடையை அறிந்து, அதற்குத் தக்கபடி நம் நடையைக் குறைத்துக்கொள்ளும் கிருபையை நாம் தேடுவோம்.

இந்த வாரம், நீங்கள் பணம் அனுப்பி மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கிற ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள். அவரைக் கவனித்துக்கொள்கிறவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

ஜெபம்: எங்கள் நடையை அறிந்த நல்ல மேய்ப்பரே, எங்கள் மன நிம்மதிக்காக நாங்கள் செய்கிறவைகளை அன்பு என்று எண்ணி ஏமாந்துபோகாதபடி எங்களைக் காத்தருளும். எங்களுடையவர்களுக்காக இரவில் விழித்திருக்கிற எளியவர்களை நினைத்தருளும். அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கிற கடனை எங்களுக்குக் காட்டி, அதைத் தீர்க்க மனதையும் வழியையும் தாரும். ஆமென்.